டப்பாவுக்குள் அறுபத்தைந்து

என் சகலையிடம் எதைக் கொடுத்தாலும் முதலில் அதன்மேல் ஊதுவார். தூசி தட்டுகிற ஊதல் இல்லை. வாயை நன்றாகத் திறந்து, அடிவயிற்றிலிருந்து ஒரு "ஹா". அப்புறம் சட்டைப் பையிலிருந்து மஞ்சள் துணியை உருவி இரண்டு சுற்றுத் துடைப்பார். மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவருக்கு இது பழக்க தோஷம். கடைக்குள் வருகிறவர் வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் அவர் முகத்திலிருந்த கண்ணாடி இவர் கைக்கு வந்து, ஹா வாங்கி, பளபளவென்று முகத்துக்குத் திரும்பிவிடும். எங்கள் வீட்டுக்கு வந்தால் கைக்கடிகாரம், கரண்டி, மாமனார் படம் என்று எதுவும் தப்பாது. ஒருமுறை என் மொபைலைத் துடைத்ததில் அது என் மேலதிகாரிக்கே போன் போட்டுவிட்டது.

அவர் என் மனைவியின் அக்காவைக் கட்டியவர். அந்த அக்காவை நான் அண்ணி என்று கூப்பிடுவேன். கடையை இருவரும் சேர்ந்துதான் நடத்தினார்கள். கண் பரிசோதிப்பதும் லென்ஸ் வெட்டுவதும் அவர் வேலை. ஃபிரேம் காட்டுவதும், பில் போடுவதும், எந்த ஃபிரேமை மாட்டினாலும் "உங்க முகத்துக்குன்னே செஞ்ச மாதிரி இருக்கு" என்று கூசாமல் சொல்வதும் அண்ணியின் வேலை. கைப்புண்ணுக்குக் கண்ணாடி எதற்கு என்பார்கள். இவர்களிடம் கேட்டால் அதற்கும் ஒன்று எடுத்துக் காட்டுவார்கள்.

சகலைக்கு இன்னொரு பழக்கமும் உண்டு. உடைந்த ஃபிரேமை ஒட்டுவதில் அவரை மிஞ்ச ஆளில்லை. பேரப்பிள்ளை மிதித்தது, தூக்கத்தில் புரண்டு நொறுக்கியது, சண்டையில் வீசியது என்று எது வந்தாலும் ஒட்டி, தேய்த்து, மெருகு போட்டுவிடுவார். திருப்பிக் கொடுக்கும்போது மோவாயைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு ஒரு வசனம் சொல்வார். "ஒட்டு எங்கன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்." வாடிக்கையாளர் திருப்பித் திருப்பிப் பார்ப்பார். கிடைக்காது. அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தான் அவர் கடை திறக்கிறாரோ என்று எனக்குச் சந்தேகம். கூலியை வாங்க மறந்துவிடுவார். வசனத்தை மறந்ததே இல்லை.

கடை வாடகைக் கடை. ஆறடி அகலம். ஒரு சுவர் முழுக்க ஃபிரேம், எதிர்ச் சுவரில் கண் பரிசோதிக்கிற எழுத்துப் பலகை, பின்னால் அட்டைப்பெட்டி அடைத்த ஒரு சின்ன இடம். கழிப்பறை கிடையாது. அந்தப் பின்பக்கத்தில் ஒன்று கட்டிக்கொள்கிறோம் என்று அண்ணி கட்டிட முதலாளியிடம் கேட்காத வருஷம் இல்லை. "கட்டிடத்துக்கு ஈரம் ஆகாதும்மா" என்பதே அவர் பதில். ஆகவே அண்ணி தினமும் தெருவைக் கடந்து எதிரிலிருந்த ரத்தப் பரிசோதனை நிலையத்துக்குப் போய்வந்தார். கல்யாணமான புதிதில் தொடங்கியது, தலை நரைத்த பிறகும் தொடர்ந்தது. அண்ணிக்குத் தீராத வியாதி ஏதோ இருக்கிறது என்று அந்தத் தெருவில் பலர் இன்றைக்கும் நம்புகிறார்கள். ஒரு காய்கறிக்காரம்மா அவருக்காக வேண்டிக்கொண்டதாகக்கூடக் கேள்வி.

இந்தக் கடைக்குள் நாணயம் வந்தது ஒரு பழைய அலமாரியோடு. இழுத்து மூடிய ஒரு கடிகாரக் கடையிலிருந்து ஃபிரேம் வைக்கலாமே என்று சகலை வாங்கிப்போட்ட அலமாரி. அதன் இழுப்பறையைத் துடைக்கப்போனபோது (வேறு எதற்குப் போவார்?) அடியில் விரித்த காகிதத்துக்குக் கீழே, எண்ணெய்த்தாளில் சுற்றிய ஒரு வெள்ளி நாணயம். யாரோ ஒரு ராணியின் தலை. யாரோ வாங்கி, சுற்றிவைத்து, மறந்து, போயும் சேர்ந்திருக்க வேண்டும். அச்சடித்த நாளிலிருந்து யார் கையும் படாத மாதிரி இருந்தது.

சகலை வாயைத் திறந்தார். "ஹா" வருவதற்குள் ஒரு கை குறுக்கே பாய்ந்து அவர் வாயைப் பொத்தியது.

புதுக் கண்ணாடிக்கு வந்திருந்த நாணயக்காரரின் கை அது. இரண்டு தெரு தள்ளி அவருக்குப் பழைய நாணயம் வாங்கி விற்கிற கடை. நாணயக்காரர் என்ற பெயர் விற்கிற சரக்கால் வந்தது. குணத்தால் வந்ததா என்று யாரும் சோதித்துப் பார்த்ததில்லை.

"துடைச்சுடாதீங்க! துடைச்சா செத்துச்சு" என்றார் அவர், ஏதோ குழந்தை கிணற்றில் விழப்போன மாதிரி.

"துடைச்சா அழுக்குத்தானே போகும்?" சகலைக்கு ரோஷம் வந்துவிட்டது.

"விலைதான் போகும். துணி பட்டா முடி மாதிரி கோடு விழும். வெறுங்கண்ணுக்குத் தெரியாது, லென்ஸ்ல தெரியும். அப்புறம் ஒருத்தரும் தொட மாட்டாங்க. இதை அப்படியே அனுப்பி டப்பா போட்டுருங்க."

டப்பா என்றால் நமக்கு ஒன்றுக்கும் உதவாத சரக்கு. சினிமா டப்பா, வண்டி டப்பா. இவர்கள் உலகத்தில் டப்பாதான் எல்லாம். நாணயத்தை எங்கோ இருக்கிற ஒரு கம்பெனிக்கு அனுப்ப வேண்டும். அங்கே முகம் தெரியாத மூன்று பேர் விளக்கடியில் திருப்பிப் பார்த்து, ஒன்றிலிருந்து எழுபதுக்குள் ஒரு எண் போடுவார்கள். ஏன் எழுபது, ஏன் நூறு இல்லை என்று கேட்கக் கூடாது. எண்ணை ஒரு சீட்டில் அச்சடித்து, நாணயத்தையும் சீட்டையும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் டப்பாவுக்குள் வைத்து, திறக்க முடியாதபடி மூடி அனுப்புவார்கள்.

"ஏன், நீங்களே பாத்துச் சொல்லக் கூடாதா?" என்று அண்ணி கேட்டார்.

"நான் வாங்குறவன், குறைச்சுத்தான் சொல்வேன். உங்க வீட்டுக்காரர் விக்கிறவர், கூட்டித்தான் சொல்வாரு. மூணாவது மனுஷன் சொன்னாத்தாம்மா விலை."

"நல்லா இருக்கு. இந்தத் தடி ஃபிரேமை எவனும் வாங்க மாட்டான், ஸ்டாக் எடுக்காதீங்கன்னு நானும் காலங்காலமா சொல்றேன். கேட்டாரா? மூஞ்சி தெரியாத மூணு பேர் சொன்னா கேப்பாராம்" என்றார் அண்ணி.

கேட்டார். நாணயம் போய், டப்பாவோடு திரும்பி வந்தது. சீட்டில் அறுபத்தைந்து.

போகும்போது அது ஒரு மாத வாடகை பெறும் என்று சொன்ன அதே நாணயக்காரர், வந்ததும் கடையையே வாங்க முன்பணம் கொடுக்கிற அளவுக்கு விலை சொன்னார். ராணிக்கு இடையில் ஒரு கிராம் எடை கூடவில்லை. மூக்கு நிமிரவில்லை. கூடியதெல்லாம் ஒரு டப்பா, ஒரு சீட்டு. எனக்கு இது பிடிபடவில்லை. ஆனால் நானும் பல்கலைக்கழகச் சீட்டைக் காட்டித்தான் வேலை வாங்கியவன். அதற்குமேல் பேச எனக்கு யோக்கியதை இல்லை.

அதிலிருந்து சகலைக்கு எண் பித்து பிடித்தது. எங்கள் புது சோபாவைத் தடவிப் பார்த்து, "அறுபத்திரண்டு. கைப்பிடியில லேசா தேய்மானம்" என்றார். பக்கத்து வீட்டுக் கல்யாணத்துக்கு ஐம்பத்தெட்டு. எனக்கு நாற்பத்தைந்து. "வருத்தப்படாதீங்க சகலை, கொஞ்சம் அதிகமாப் புழங்கிட்டீங்க." எழுபது மட்டும் அவர் எதற்கும் போட்டதில்லை. "எழுபதுன்னா ஒரு குறைகூட இருக்கக் கூடாது. நான் கண்ணால பாத்ததில்ல" என்பார். கடைசியில் அண்ணியையும் ஒரு எண் சொல்லச் சொல்லி நச்சரிப்பார். சமையலுக்கு, சேலைக்கு, தனக்கே.

"நம்ம வீட்டுக்கு நாமளே நம்பர் போடுறதா? நான் என்ன மூணாவது மனுஷியா?" என்று அண்ணி எழுந்து போய்விடுவார்.

அந்தச் சமயம் பார்த்துக் கட்டிட முதலாளி காலமானார். மகன் வந்து கடைகளைத் தனித்தனியாக விற்பதாகச் சொன்னான். "உங்களுக்குத்தான் முதல் உரிமை. ரெண்டு மாசம் டைம். இல்லன்னா ஒரு செருப்புக் கடைக்காரர் கேக்குறாரு."

கணக்கு ரொம்ப எளிது. நாணயத்தை விற்று முன்பணம், மிச்சத்துக்கு வங்கிக் கடன். அண்ணி மறுநாளே போய் ஒரு டைல்ஸ் துண்டு வாங்கி வந்துவிட்டார். வெளிர்நீலம், வழுக்காத ரகம். கழிப்பறைக்கு. உள்ளங்கை அளவு அந்தத் துண்டைக் கைப்பையிலேயே வைத்திருந்தார். என் மனைவியிடம் அதை எடுத்துக் காட்டியபோது அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தை நான் அவர் கல்யாணப் படத்தில்கூடப் பார்த்ததில்லை.

சகலை நாணயத்தை அன்றே விற்றிருந்தால் இதை எழுதவே வேண்டியதில்லை. விலை பேசப் போன இடத்தில் நாணயக்காரர் ஒரு கதை சொல்லிவிட்டார். யாரோ ஒருவர் அறுபத்தைந்து போட்ட டப்பாவை உடைத்து, நாணயத்தைப் புதிது போல மறுபடி அனுப்ப, இரண்டாம் தடவை அறுபத்தாறு வந்துவிட்டதாம். "அறுபத்தஞ்சு ஊருக்கு ஊர் கிடக்கு. அறுபத்தாறை விரல் விட்டு எண்ணிடலாம். அது வந்தா உங்க கடையை முழுசா வாங்கலாம். ஆனா நான் உடைக்கச் சொல்லல, ஆமா" என்றார். சொல்லல, ஆமா என்று முடிகிற யோசனைகளைக் கேட்டு உருப்பட்டவர் உண்டா?

சகலை லென்ஸை வைத்து ராணியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். கன்னத்தில் ஒரு கோடு. அது டப்பாவின் கீறல், நாணயத்தின் கீறல் இல்லை என்பது அவர் முடிவு. ஊருக்கெல்லாம் "இப்பத் தெளிவாத் தெரியுதா, இல்ல, இப்பத் தெளிவாத் தெரியுதா?" என்று கேட்டுக் கேட்டு வயிறு வளர்த்தவருக்குத் தன் கண்மேல் அவ்வளவு நம்பிக்கை.

"டப்பாவோடயே அனுப்பி இன்னொரு தடவை பாக்கச் சொல்லலாமே" என்றேன்.

"பழைய நம்பரைப் பாத்துட்டு அதையேதான் போடுவானுங்க. கடனில்லாம கடை, சகலை. யோசிச்சுப் பாருங்க."

யோசித்துப் பார்த்தேன். எனக்கும் ஆசை வந்தது, மறைப்பானேன்.

மதியம் அண்ணி தெருவைக் கடந்து பரிசோதனை நிலையத்துக்குப் போன நேரத்தில் காரியம் நடந்தது. ஷட்டரைப் பாதி இறக்கினோம். ஃபிரேம் அறுக்கிற மெல்லிய ரம்பத்தால் சகலை டப்பாவின் விளிம்பை அறுத்தார். அடித்து நொறுக்குவது அவர் குணமில்லை. வெங்காயத் தோல் உரிக்கிற மாதிரி மெதுவாக அறுத்து, இரண்டு பாதிகளையும் சிந்தாமல் சிதறாமல் எடுத்து வைத்தார். ராணி அவர் உள்ளங்கைக்கு வந்தாள்.

"பாத்தீங்களா? கன்னத்துல கோடே இல்ல" என்றார். உண்மைதான். இல்லை. சகலை ஜெயித்துவிட்டார் என்றே நினைத்தேன். ஆனந்தத்தில் அவர் வாய் தானாகத் திறந்தது.

"ஹா."

நான் கத்துவதற்குள் மஞ்சள் துணி இரண்டு சுற்றுச் சுற்றி முடித்துவிட்டது.

வெண்ணெய் திரண்டு வரும்போது தாழி உடைந்தது என்பார்கள். இங்கே தாழியை நாங்களே ரம்பம் போட்டு அறுத்திருந்தோம். சகலை துணியைப் பார்த்தார், நாணயத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நாணயம் முன்னைவிடப் பளபளவென்றுதான் இருந்தது. "லேசாத்தானே துடைச்சேன்?" என்று என்னைக் கேட்டார். ஆமாம் என்று தலையாட்டினேன். அந்தப் பிளாஸ்டிக் டப்பா இத்தனை நாளும் நாணயத்தைக் காற்றிலிருந்தும் திருடனிடமிருந்தும் காப்பாற்றவில்லை, இந்த மனிதரிடமிருந்துதான் காப்பாற்றியிருக்கிறது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

லேசாகத்தானே என்ற நம்பிக்கையில் அனுப்பினோம். முகம் தெரியாத அந்த மூன்று பேரின் கண்ணைக் குறை சொல்ல முடியாது. நாணயம் டப்பா இல்லாமல், எண் இல்லாமல், ஒரு சாதாரண உறையில் திரும்பி வந்தது. "துடைக்கப்பட்டது" என்று ஒரே ஒரு வார்த்தை. சகலை அதைப் படித்துவிட்டுக் கடையின் எழுத்துப் பலகையையே வெறித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். கெடுவுக்கு ஒரு வாரம்கூட இல்லை. அண்ணிக்கு எதுவும் தெரியாது. கொத்தனாரிடம் பேசி நாள்கூடக் குறித்துவிட்டிருந்தார்.

"ஒட்டிட்டாப் போச்சு" என்றார் சகலை.

எனக்கு முதலில் புரியவில்லை. அவர் இழுப்பறையைத் திறந்து, அறுபத்தைந்து சீட்டோடு இருந்த டப்பாவின் இரண்டு பாதிகளையும் எடுத்தபோது புரிந்தது. அது மோசடி என்று சொன்னேன். "நாணயம் அதேதான், டப்பா அதேதான், சீட்டும் அதேதான். எது மோசடி?" என்று கேட்டார். நான் சொல்ல வாயெடுத்த நேரத்தில் எதிர்ப்பக்கத்திலிருந்து அண்ணி தெருவைக் கடந்து வந்துகொண்டிருந்தார், லாரிக்கு வழிவிட்டு, சேலையைச் சுருட்டிப் பிடித்துக்கொண்டு. நான் வாயை மூடிக்கொண்டேன்.

அந்த ஒட்டு இருக்கிறதே, அவர் வாழ்நாளில் போட்ட ஒட்டுகளிலேயே அதுதான் உச்சம். ஒட்டியது தெரியாமல், தேய்த்தது தெரியாமல், மெருகு போட்டது தெரியாமல். நான் பக்கத்திலேயே உட்கார்ந்து பார்த்தவன். முடித்த பிறகு எனக்கே இடம் தெரியவில்லை.

இருவருமாக நாணயக்காரர் கடைக்குப் போனோம். போகிற வழியில், "விலையைத் தவிர ஒரு வார்த்தை பேசக் கூடாது, சகலை" என்றேன். "எனக்குத் தெரியாதா?" என்றார்.

நாணயக்காரர் டப்பாவை வாங்கினார். சீட்டைப் படித்தார். சீட்டிலிருந்த வரிசை எண்ணை மொபைலில் அடித்து, கம்பெனி எடுத்து வைத்திருந்த படத்தைப் பார்த்துத் தலையாட்டினார். டப்பாவை ஒருமுறை புரட்டினார். அவ்வளவுதான். ராணியை அவர் ஏறெடுத்தும் பார்க்கவில்லை. அறுபத்தைந்து என்று அச்சடித்திருக்கும்போது நாணயத்தை எதற்குப் பார்க்க வேண்டும்? நான் மனதுக்குள் அவரைக் கைகூப்பிக் கும்பிட்டேன். அவர் டப்பாவை மேஜைமேல் வைத்துவிட்டு, பணப்பெட்டியின் சாவியைத் தேடக் குனிந்தார். வெளிர்நீல டைல்ஸ் என் கண்முன்னால் தரையெங்கும் விரிந்தது.

அப்போது என் பக்கத்தில் ஒரு மோவாய் மெல்ல மேலே எழும்பியது.

"ஒட்டு எங்கன்னு கண்டுபிடிங்க பாக்கலாம்."

நுணலும் தன் வாயால் கெடும் என்று பள்ளியில் படித்தபோது நான் அதை நம்பியதில்லை. எந்தத் தவளை அவ்வளவு முட்டாளாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். பக்கத்தில் நின்றே பார்த்துவிட்டேன். சொல்லி முடித்ததும் சகலையின் கண்கள் விரிந்தன, ஏதோ வேறு யாரோ பேசியது போலத் திரும்பி என்னைப் பார்த்தார்.

நாணயக்காரர் நிமிர்ந்தார். சாவி கையிலேயே நின்றது. கண்ணாடியைக் கழற்றினார். அதுவும் சகலை ஒட்டிக் கொடுத்த கண்ணாடிதான். லென்ஸை எடுத்து டப்பாவின் விளிம்பை நாலு பக்கமும் பார்த்தார். விளக்கைப் போட்டுப் பார்த்தார். சன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"என்னால கண்டுபிடிக்க முடியலையே" என்றார் கடைசியில், உண்மையான வியப்போடு.

சகலையின் முகம் ஒரு கணம், ஒரே ஒரு கணம், மலர்ந்தது. அவரை அடிப்பதா அணைப்பதா என்று எனக்குத் தெரியவில்லை.

அப்புறம்தான் நாணயக்காரர் லென்ஸை ராணியின் பக்கம் திருப்பினார். "துடைச்சிட்டீங்களா?" என்றார். எங்கள் பதிலுக்குக் காத்திராமல் டப்பாவை எங்கள் பக்கம் நகர்த்தினார். "ரெண்டு தெரு தள்ளி இருக்கோம். போலீஸ் கீலீஸ்னு போக மாட்டேன். எடுத்துட்டுப் போங்க."

திரும்பி நடக்கும்போது சகலை ஒரே வாக்கியத்தைச் சொல்லிக்கொண்டே வந்தார். "வாய் தானா வந்திருச்சு சகலை." எனக்கு அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வந்தது. கோபம் வரவில்லை, அதுதான் ஆச்சரியம். திருட்டுத்தனம் செய்யவும் ஒரு தகுதி வேண்டும். இந்த மனிதருக்கு அது நாற்பத்தைந்துகூடத் தேறாது.

அண்ணியிடம் அவரே சொன்னார். ரம்பம், ஹா, ஒட்டு, வசனம், எதையும் மறைக்கவில்லை. அண்ணி திட்டுவார், குறைந்தபட்சம் தட்டையாவது வீசுவார் என்று நானும் என் மனைவியும் நடுவில் புகத் தயாராக நின்றோம். அவர் கைப்பையைத் திறந்து டைல்ஸ் துண்டை எடுத்தார். சாப்பாட்டு மேஜையில் வைத்து, அதன்மேல் சூடான பாத்திரத்தை இறக்கினார். "எல்லாரும் உக்காருங்க, ஆறிடப் போகுது" என்றார். அன்றைக்கு யாரும் எதற்கும் எண் போடவில்லை.

கடையைச் செருப்புக் கடைக்காரர் வாங்கிக்கொண்டார். சகலை பிழைத்தது எப்படி என்று கேட்டால் சிரிப்பீர்கள். ஃபிரேம்களை மூட்டை கட்டிக்கொண்டிருந்தபோது நாணயக்காரரே தேடி வந்தார். அன்றிலிருந்து அவருக்குத் தூக்கம் போய்விட்டதாம். தன் இரும்புப் பெட்டியில் இருக்கிற டப்பாக்களில் எத்தனை ஒட்டியவையோ என்ற பயம். "ஒட்டத் தெரிஞ்சவனுக்குத்தானே ஒட்டு தெரியும்? வந்து பாருங்க." சகலை போய்ப் பார்த்து, அடுக்கிலிருந்து மூன்றை எடுத்துத் தனியே வைத்தார். நாணயக்காரர் நாற்காலியில் அப்படியே சாய்ந்துவிட்டார்.

இப்போது சகலைக்கு அங்கே ஒரு மூலையில் மேஜை. பாதி மேஜையில் கண்ணாடி வியாபாரம். மீதிப் பாதியில், நாணயத்துக்குச் சாட்சி சொல்கிற டப்பாவுக்கு இவர் சாட்சி. ஒட்டு இல்லை என்றால் டப்பாவின் மூலையில் ஒரு சின்ன வட்ட ஸ்டிக்கர் ஒட்டுவார். ஸ்டிக்கர் இருந்தால் அறுபத்தைந்துக்கே விலை கொஞ்சம் கூடுகிறதாம். போன வாரம் ஒருவர் வந்து, "இந்த ஸ்டிக்கர் உண்மையானதுதான்னு யாரு சொல்வாங்க?" என்று கேட்டாராம். அந்த வேலை காலியாகத்தான் இருக்கிறது. என் பெயரைச் சொல்லச் சொல்லியிருக்கிறேன்.

ராணி இப்போது டப்பா இல்லாமல் சகலையின் சட்டைப் பையில், மஞ்சள் துணியோடு குடித்தனம். விற்றால் ஒரு மாத வாடகைகூடத் தேறாது என்பதால் நிம்மதியாகத் துடைக்கிறார்.

செருப்புக் கடை திறந்த அன்றைக்கு எல்லோரையும் அழைத்திருந்தார்கள். அண்ணி வர மாட்டார் என்றுதான் நினைத்தோம். வந்தார். ஒரு ஜோடி செருப்பு வாங்கினார். பிறகு கடைக்காரரின் மனைவியிடம் ஏதோ கேட்டுக்கொண்டு பின்பக்கம் போனார், பழைய அட்டைப்பெட்டிகள் கிடந்த அந்தப் பக்கம். போனவர் வரக் கொஞ்சம் நேரம் ஆனது. வந்ததும் புடவைத் தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டே சகலையின் எதிரில் வந்து நின்றார்.

"ரொம்ப நாளா என்னை ஒரு நம்பர் சொல்லச் சொல்லிக் கேட்டீங்கல்ல? இப்பச் சொல்லலாம். இந்த இடத்துக்கு இப்ப நான் மூணாவது மனுஷிதானே."

சகலை கடையின் பின்பக்கத்தை எட்டிப் பார்த்தார்.

"வெளிர்நீல டைல்ஸ் போட்டிருக்காங்க. வழுக்கல. தாழ்ப்பாள் சரியா விழுது. தண்ணி நல்லா வருது. உள்ள ஒரு சன்னல்கூட வச்சிருக்காங்க, நான்கூட அதை யோசிக்கல" என்றார் அண்ணி. "எழுபது."

புதுச் செருப்புப் பெட்டியை எடுத்துக்கொண்டு அவர் தெருவில் இறங்கி நடந்தார். சகலை தன் கண்ணாடியைக் கழற்றினார். ஹா என்று ஊதிவிட்டு, பையிலிருந்த துணியை எடுத்துத் துடைக்கத் தொடங்கினார். இரண்டு சுற்றோடு நிறுத்தவில்லை.